தொட்டியில் வந்த தேன்மரம்

கோத்தகிரிக்கு மேலே, தவமணி அம்மையாரின் மடத்துக்குச் சென்றாயன் வந்து சேர்ந்தபோது அவருக்கு அறுபத்தொரு வயது. அம்மையாருக்கு நாற்பத்து மூன்று. வயதைப் பற்றி இருவரும் பேசிக்கொண்டதே இல்லை. அவர் அம்மா என்றார். அம்மையார் அவரை ஐயா என்றார்.

சென்றாயனிடம் ஒரு துணிப்பையும் ஒரு மாங்கன்றும் இருந்தன. கிருஷ்ணகிரிப் பக்கம் அவருக்கு மாந்தோப்பு இருந்தது. சாலையை அகலப்படுத்தியபோது தோப்பு முழுவதும் போயிற்று. அதில் அவருடைய அப்பா வைத்த மரம் ஒன்று. வீட்டில் அதைத் தேன்மரம் என்பார்கள். வெட்ட வருகிறார்கள் என்று தெரிந்ததும் அதிலிருந்து குச்சிகள் எடுத்து ஏழு கன்றுகளுக்கு ஒட்டுக் கட்டினார். ஒன்றுதான் பிழைத்தது. அதை மடியில் வைத்துக்கொண்டுதான் பஸ்ஸில் மலை ஏறினார்.

மடத்தில் ஒரு கண்ணாடி அறை உண்டு. கீழேயிருந்து வந்தவர்கள் ஆசையாகக் கொண்டுவந்து விட்டுப்போன சப்போட்டாவும் சீத்தாவும் அங்கே தொட்டிகளில் நின்றன. அம்மையார் அவற்றைப் பார்த்துக்கொண்டார். சென்றாயன் தன் கன்றை இருப்பதிலேயே பெரிய தொட்டியில் வைத்தார். காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினார். நாற்பது வருஷம் மா வளர்த்தவர், யாரையும் கேட்கவில்லை.

மார்கழியில் இலை நுனிகள் கருகின. தாகம் என்று நினைத்து இன்னும் ஊற்றினார். இலைகள் ஒவ்வொன்றாக விழுந்தன. அப்போதுதான் போய்ச் சொன்னார்.

அம்மையார் வந்து தொட்டியைச் சாய்த்துக் கன்றை மண்ணோடு உருவினார். வேரில் பாதி கறுத்து, சாக்கடை வாடை அடித்தது. அழுகியதையெல்லாம் கத்தரியால் வெட்டித் தள்ளினார். சென்றாயனுக்குத் தன் விரல்களை வெட்டுவது போல இருந்தது. மிச்சத்தை மணல் கலந்த மண்ணில், முன்னதில் பாதிகூட இல்லாத தொட்டியில் நட்டார்.

சின்னதிலிருந்து பெரிதுக்கு மாற்றித்தான் தனக்குப் பழக்கம், பெரிதிலிருந்து சின்னதுக்கு மாற்றி எங்கும் பார்த்ததில்லை என்றார் சென்றாயன்.

“இப்ப அதால இவ்வளவுதான் குடிக்க முடியும்” என்றார் அம்மையார். போகும்போது வாளியையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மாசி முடியும்வரை நாலைந்து முறைதான் தண்ணீர் கிடைத்தது. சென்றாயன் தினமும் போய் நின்று பார்த்தார். செய்ய ஒன்றும் இல்லாமல் நிற்பது எப்படி என்று அவருக்குத் தெரியவில்லை.

பங்குனியில் தளிர் வந்தது. கூடவே ஒரு பூங்கொத்தும் வந்தது. ஓடிப்போய் அம்மையாரைக் கூட்டிவந்தார். கிள்ளிவிடச் சொன்னார் அம்மையார். காரணம் கேட்டும் சொல்லவில்லை. சென்றாயன் கிள்ளினார். அன்று சாப்பிடப் போகவில்லை.

அதற்குப் பிறகு வெயில் வந்தால் தொட்டியை வெளியே தூக்கி வைப்பார். மூடுபனி இறங்கினால் உள்ளே கொண்டுபோவார். ஒரு நாளில் மூன்று தடவை தூக்கியதும் உண்டு. வெளியே வைத்தது சரியா என்று கேட்டால் அம்மையார் வானத்தைப் பார்ப்பார். உள்ளே வைத்தது சரியா என்று கேட்டாலும் வானத்தைத்தான் பார்ப்பார்.

அடுத்த பங்குனியிலும் பூத்தது. இந்த முறை சென்றாயன் யாரையும் கூப்பிடவில்லை. கிள்ளப் போனார். பின்னாலிருந்து அம்மையார் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“யார் சொன்னா?”

“நீங்கதானேம்மா சொன்னீங்க.”

“அது போன வருஷம்.”

சொன்னபடி செய்தாலும் தப்பு, செய்யாவிட்டாலும் தப்பு என்றால் தான் எதைப் பிடித்துக்கொள்வது என்று கேட்டார் சென்றாயன். அம்மையார் அவர் கையை விட்டார்.

கண்ணாடி அறைக்குள் ஈ, எறும்புகூட வராது. சென்றாயன் கோழி இறகால் பூவுக்குப் பூ தடவினார். மூன்று பிஞ்சு பிடித்தது. இரண்டு உதிர்ந்தது. ஒன்று நின்றது. கீழே என்றால் ஆனியில் பழுத்துவிடும். இங்கே ஆடி போயிற்று, ஆவணி போயிற்று, புரட்டாசியில்தான் காம்படியில் மஞ்சள் ஏறியது.

பறித்து, நாலு நாள் வைக்கோலில் வைத்து, வாசனை வந்ததும் தட்டும் கத்தியுமாக அம்மையாரிடம் போனார். பழத்தின் இரண்டு கன்னத்தையும் அறுத்து நாலு துண்டாக்கினார். கொட்டையையும் ஒரு துண்டையும் அம்மையாருக்குக் கொடுத்துவிட்டுத் தானும் ஒன்றை வாயில் போட்டார்.

புளித்தது. அடியில் லேசாக ஓர் இனிப்பு இருந்தது. அது எங்கேயோ தூரத்தில் இருந்தது. நாரும் அதிகம். அவருக்குத் தெரிந்த பழம் இது இல்லை.

பிறகு பேச ஆரம்பித்தார். அதே மரத்துக் குச்சி, தன் கையாலேயே கட்டிய ஒட்டு, ருசி மட்டும் எங்கே போயிற்று என்றார். வேரை வெட்டியதாலா, மணலாலா, இந்தக் குளிராலா, முதல் பூவைக் கிள்ளிய பாவமா என்று கேட்டுக்கொண்டே போனார். கொண்டுவந்ததே தப்போ, அங்கேயே மரத்தோடு போகவிட்டிருக்க வேண்டுமோ என்றார். இரண்டு வருஷமாகத் தான் எதைத் தூக்கிக்கொண்டு உள்ளேயும் வெளியேயும் நடந்தோம் என்றே தெரியவில்லை என்றார்.

அம்மையார் கொட்டையைச் சப்பிக்கொண்டிருந்தார். அது வெளுக்கும்வரை சப்பினார். முழங்கை வரை வழிந்த சாற்றைத் துடைத்துக்கொண்டார். தட்டிலிருந்து இன்னொரு துண்டை எடுத்து, தோலைப் பல்லால் இழுத்துத் தின்றார்.

“ஒண்ணே ஒண்ணு சொல்லுங்கம்மா” என்றார் சென்றாயன். “இது அந்தத் தேன்மரம்தானா, இல்லையா?”

“உங்க தோப்புப் பழத்தை நான் தின்னதில்லை ஐயா” என்றார் அம்மையார்.

தட்டில் கடைசித் துண்டு கிடந்தது. அம்மையார் அதைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார்.

“இதை நீங்க சாப்பிடப் போறீங்களா, நான் எடுத்துக்கட்டுமா?”