மூக்கையா கண்ணில் படாத கால்

பொட்டு என்ற சருகுமானுக்குத் தொண்டை கட்டிப்போயிருந்தது. பின்னே, இரண்டு ஆட்டம் முழுக்க நடுவரைத் திட்டினால் கட்டாமல் என்ன செய்யும்?

அந்தக் காட்டில் ஒரே ஒரு குளம். கோடையில் இரண்டு கரையும் முண்டியடித்தால் சேறுதான் மிஞ்சும். அதனால் வடகரைக் குரங்குகளும் தென்கரைக் குரங்குகளும் மூன்று ஆட்டம் பழப்பந்து ஆடும். தூக்கணாங்குருவிகள் பின்னிய கூடைகள் இரண்டு, எதிரெதிர் மரங்களில் தொங்கும். விளாம்பழத்தை எதிரியின் கூடையில் போட்டால் ஒரு புள்ளி. பழம் கையில் இருக்கும்போது கால் தரையில் படக் கூடாது. பட்டால் பழம் எதிரணிக்கு.

இரண்டு ஆட்டம் ஜெயித்த கரைக்கு மழை வரும்வரை குளம் சொந்தம். தோற்றவர்கள் மலையைத் தாண்டி ஆற்றுக்குப் போக வேண்டும். அந்த வழியில் சிறுத்தை படுத்திருக்கும். கடைசி ஆட்டம் சமனாக முடிந்தால் மட்டும் காலையில் ஒரு கரை, மாலையில் ஒரு கரை குடிக்கலாம்.

பொட்டு தென்கரைக்காரி. அவளுக்கு ஒரு குட்டி இருந்தது. நேற்றுதான் நடக்கப் பழகியது, அதுவும் நாலு எட்டு வைப்பதற்குள் விழுந்துவிடும். அது மலையைத் தாண்டுவதா!

முதல் ஆட்டம் வடகரைக்குப் போனது. இரண்டாவதைத் தென்கரை தட்டுத்தடுமாறி ஜெயித்தது. இரண்டிலும் வடகரைத் தலைவன் கரியன் பழத்தோடு தரையில் ஓடினான். காடே பார்த்தது. நடுவர் மூக்கையா மட்டும் பார்க்கவில்லை.

மூக்கையா ஓர் இருவாச்சிப் பறவை. உயரத்தில் உட்காருவார், குரல் இரண்டு கரைக்கும் கேட்கும் என்றுதான் அவரை நடுவராக்கினார்கள். தென்கரைக் குரங்கின் கால் புல்நுனியை உரசினாலும் "கர்ர்ர்!" என்று கத்திவிடுவார். கரியன் தரையில் புரண்டு எழுந்தாலும் இறகு கோதிக்கொண்டிருப்பார்.

"அவருக்குக் கண்ணுல கோளாறு அண்ணே," என்றாள் பொட்டு.

"கண்ணு நல்லாத்தான் இருக்கு. மனசுதான் அந்தக் கரையில இருக்கு," என்றது பக்கத்தில் இருந்த முள்ளம்பன்றி ஊசியான்.

மூன்றாவது ஆட்டம் தொடங்கியது. கூட்டம் நெருக்கியடித்தது. பொட்டுவுக்கு முன்னால் ஒரு காட்டெருமையின் பின்பக்கம்தான் தெரிந்தது. சரி, சுற்றிக்கொண்டு போய்ப் பார்ப்போம் என்று வடகரைப் புதருக்குள் நுழைந்தாள். மூக்கையா உட்கார்ந்திருந்த மரத்தடியில் போய் நின்றாள்.

தலையில் ஒரு அத்திப்பழத் தோல் விழுந்தது. நிமிர்ந்து பார்த்தாள்.

அந்த மரப்பொந்தில்தான் மூக்கையாவின் மனைவி மூக்கம்மா அடைகாத்துக்கொண்டிருந்தாள். இருவாச்சிகளின் வழக்கம் அது. பெண் பறவை பொந்துக்குள் போய் வாசலைப் பூசிக்கொள்ளும். அலகு நீட்டும் அளவுக்கு ஒரு இடுக்கு மட்டும் இருக்கும். குஞ்சு வளரும்வரை ஆண்தான் இரை கொண்டுவந்து ஊட்ட வேண்டும். ஆனால் இப்போது ஊட்டிக்கொண்டிருந்தவை வடகரை அணில்கள். வரிசையாக ஏறின, ஆளுக்கொரு அத்திப்பழத்தை இடுக்கில் வைத்தன, இறங்கிப் போயின.

பொட்டுவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நடுவருக்கு வடகரை தரும் லஞ்சம் இது.

"அக்கா, பழம் ருசியா இருக்கா?" என்றாள்.

"யாரும்மா அது? ருசிக்கு என்ன குறை. அவர்தான் அனுப்புறார்," என்றது உள்ளிருந்து ஒரு குரல்.

"தினமும் அணில்கள் கையிலதான் அனுப்புவாரா?"

மூக்கம்மா யோசித்தாள். "இல்லையே. ஆட்டம் நடக்கிற அன்னிக்கு மட்டும்தான்."

"நல்லா சாப்பிடுங்க அக்கா. உங்க குஞ்சு வளரட்டும். என் குட்டிதான் இனி சிறுத்தை வழியா தண்ணிக்கு நடக்கணும்."

பிறகு கரியனின் காலைப் பற்றியும் மூக்கையாவின் கண்ணைப் பற்றியும் ஒன்று விடாமல் சொன்னாள். பொட்டு காத்திருந்து பார்த்துவிட்டு, தலையெழுத்து என்று நொந்துகொண்டு திரும்பினாள்.

அப்போது பின்னால் 'தொப்' என்று ஒரு சத்தம். முழு அத்திப்பழம் ஒன்று தரையில் கிடந்தது. அடுத்து இன்னொன்று விழுந்தது. அணில்கள் வைக்க வைக்க, இடுக்கிலிருந்து ஓர் அலகு அவற்றைத் தள்ளிவிட்டது. ஒரு பழம் கிளையில் பட்டுத் தெறித்து மூக்கையாவின் காலடியிலேயே போய் விழுந்தது.

மூக்கையா குனிந்து பொந்தைப் பார்த்தார்.

"அடுத்தவங்க குட்டி நாக்கு வறண்டு நிக்க, நான் தின்னணுமா? நீங்களே கொண்டு வாங்க, இல்லன்னா பட்டினி கிடக்கிறேன்," என்றாள் மூக்கம்மா.

மூக்கையா இறகு கோதுவதை நிறுத்தினார்.

ஆட்டம் அப்போது சமநிலையில் இருந்தது. கரியன் வழக்கம்போலப் பழத்தோடு தரையில் குதித்தான். "கர்ர்ர்!" வடகரை "அநியாயம்!" என்று கூச்சல் போட்டது. தென்கரை கூத்தாடியது. பொட்டுவும் கட்டிய தொண்டையோடு கத்தினாள்.

பழம் தென்கரைக் குரங்கு செம்பட்டையின் கைக்கு வந்தது. அது கிளை கிளையாகத் தாவியது. கடைசித் தாவலில் கிளை வளைந்து, பின்னங்கால் தரையில் பட்டது. பட்ட கால் பட்டபடி எம்பி, பழத்தைக் கூடையில் போட்டது. சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கிவிட்டது. அதோடு ஆட்டம் முடிவு.

"கர்ர்ர்! கால் பட்டது. புள்ளி கிடையாது. ஆட்டம் சமன்," என்றார் மூக்கையா.

தென்கரை கொதித்தது. ஊசியான் முள்ளைச் சிலிர்த்துக்கொண்டு வந்தது. "பாத்தியா இந்தத் திருட்டு நடுவரை? திட்டு பொட்டு, நல்லா திட்டு!"

பொட்டு வாயைத் திறந்தாள். அந்தப் புள்ளி கிடைத்திருந்தால் கோடை முழுக்க, நினைத்த நேரமெல்லாம் அவள் குட்டிக்குத் தண்ணீர். ஆனால் கால் பட்டது. அவள் நின்ற இடத்திலிருந்து நன்றாகவே தெரிந்தது.

"கால் பட்டுச்சு அண்ணே. நானும் பாத்தேன்."

"நீ எந்தக் கரைக்காரி?"

"கரியன் கால் பட்டப்போ எந்தக் கரையோ, அதே கரைதான் அண்ணே."

ஊசியான் முகத்தைத் திருப்பிக்கொண்டது. மறுநாள் காலை வடகரை குடித்தது, மாலை தென்கரை குடித்தது. பொட்டுவின் குட்டி நாலு எட்டு வைத்து விழுந்து, எழுந்து, குளத்தில் வாய் வைத்தது. அதன் தலைக்கு மேலே மூக்கையா அலகில் ஓர் அத்திப்பழத்தோடு பொந்துக்குப் பறந்துகொண்டிருந்தார்.

தன் பக்கத்துத் தவறையும் தவறு என்று ஒப்புக்கொள்பவருக்குத்தான் நடுவரைக் குறை சொல்லும் உரிமை உண்டு.