தளும்பிய ஏரி

வேம்பனூர் ஊர் ஏரியை வளைத்துப்போடத் துடித்தார் பண்ணையார் கனகசபாபதி. ஊர்க்காட்சிகள் வரைந்து பிழைக்கும் மருதப்பனைக் கூப்பிட்டனுப்பினார்.

"டேய், கலெக்டர் விருந்துக்கு வர்றார். என் மாடியிலேர்ந்து தெரியற நிலம் பூராவும் வரை. ஏரி தளும்பணும், என்னுதாவும் தெரியணும். ஆனா, படம் பொய்யின்னு ஒருத்தன் வாய் திறக்கக்கூடாது. தப்புனா இந்த ஊர்ல உனக்கு இடமில்லை!"

மருதப்பனின் துண்டு வயலும் அந்த ஏரித் தண்ணீரில்தான் விளைந்தது. "ஆகட்டுங்க எசமான். ஆனா முடியற வரைக்கும் யாரும் பாக்கக்கூடாது. பாத்தா எனக்குக் கை ஓடாது" என்றான்.

விருந்தன்று ஊரே முற்றத்தில் திரண்டது. பண்ணையார் நெஞ்சை நிமிர்த்தி, படத்தை மூடியிருந்த திரையை இழுத்தார். "பாருங்க சார்! இதுல இருக்கிறதெல்லாம் நம்மளுது!"

அடடா, என்ன படம்! கதிர்கள் காற்றில் சாய, ஏரி கடலாய்த் தளும்பியது. தளும்பி, கரையை உடைத்து, சர்க்காரின் புதுச் சாலையைச் சுருட்டிக்கொண்டு ஓடியது. போன ஐப்பசி மழையில் நடந்தது அப்படியே இருந்தது. யார் பொய்யென்பது?

கலெக்டரின் புருவம் ஏறியது. "ஓகோ, ஏரி உங்களுதா? அப்போ கரையைக் கவனிக்காம விட்டதும் நீங்கதான். சாலையை நீங்களே போட்டுக் கொடுத்துடுங்க."

பண்ணையாருக்கு வேர்த்துக் கொட்டியது. "ஐயையோ, இல்லீங்க! அது ஊர்ப் பொது ஏரிங்க! எங்க தாத்தா காலத்துலேர்ந்தே பொதுதான்! வேணும்னா இவங்களையே கேளுங்க!"

"ஆமாங்க, பொதுதான்!" என்று முற்றமே அதிர்ந்தது.

மருதப்பன் தூரிகையை நனைத்துக்கொண்டு முன்னால் வந்தான். "எசமான், ஏரிக்கு அடியில யார் பேரை எழுதட்டும்?"

"ஊர்ப் பேரை எழுதித் தொலைடா!"