யாரும் தட்டாத கட்டளை

முன்னொரு காலத்தில், இது எங்கள் நாடுதான் என்று நாலு ஊர்க்காரர்கள் இன்றும் சொந்தம் கொண்டாடும் ஒரு நாட்டில், ஓர் அரசன் இருந்தான். மழைக்காலம் நெருங்கும் வேளையில் அவனுடைய பெரிய ஏரியின் கரை முப்பது முழ அகலத்துக்கு இடிந்து கிடந்தது. அடைக்கப் போன மூன்று அதிகாரிகளும் தோற்றுத் திரும்பினார்கள். அவர்களில் ஒருவர் சவுக்கை எடுத்தார். மறுநாள் பாதிப் பேர் வேலைக்கே வரவில்லை. இருநூறு பேரை வேலை வாங்க என் சபையில் ஓர் ஆள் இல்லையா என்று அரசன் கேட்டபோது எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். சபையைச் சிரிக்க வைப்பதே தொழிலாகக் கொண்ட சிறியநம்பி மட்டும் தும்மினான்.

அரசன் அவன்மேல் வைத்திருந்த பிரியத்தைக் கண்டு வெகுநாளாகப் புழுங்கிக்கொண்டிருந்தவர் மந்திரி வீரபத்திரர். அந்தத் தும்மலை அவர் பிடித்துக்கொண்டார்.

"அரசே, நம்பி சம்மதம் தெரிவிக்கிறார். ஆனால் ஒரு நிபந்தனை வேண்டும். பத்து நாளில் கரை அடைபட வேண்டும். அதற்குள் அவர் கட்டளையை ஒரே ஓர் ஆள் மீறினாலும் அவர் நாட்டை விட்டுப் போய்விட வேண்டும்."

அரசனுக்கு அது வேடிக்கையாக இருந்தது. ஒப்புக்கொண்டான்.

மறுநாள் காலையில் இருநூறு பேர் மண்வெட்டியும் கூடையுமாகத் நம்பியைப் பார்த்து நின்றார்கள். அவன் ஜனங்களைச் சிரிக்க வைத்திருக்கிறானே தவிர, ஒருவரையும் ஏவியதில்லை. மண்வெட்டி பிடிக்கவும் தெரியாது. தெரிந்ததுபோல் நடிக்கலாமா என்று யோசித்தான். உச்சிவேளைக்குள் சாயம் வெளுத்துவிடும் என்று தோன்றியது. ஆகவே தனக்கு ஒன்றும் தெரியாது என்று உள்ளதைச் சொல்லி, வேலை ஏன் ஓடவில்லை என்று அவர்களிடமே கேட்டான்.

மண் சுமக்கும் செங்கமலம் பேசினாள்.

"ஒத்தையடிப் பாதையில ஏறுறவங்களும் எறங்குறவங்களும் முட்டிக்கிறோம் சாமி. எறங்குறதுக்குத் தனியா ஒரு பாதை வெட்டினா ஒரு நாள்ல ரெண்டு நாள் வேலை ஓடும். முன்னால வந்த மூணு பேரும் எங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்கலை."

நம்பி தொண்டையைச் செருமிக்கொண்டு, "இறங்குவதற்குத் தனிப் பாதை வெட்டுங்கள். இது என் கட்டளை" என்றான். ஒருவர் பாக்கியில்லாமல் ஓடிப்போய் வெட்டினார்கள்.

அன்றிலிருந்து அதுவே வழக்கமாயிற்று. நம்பியும் ஒரு கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு அவர்களோடு நடந்தான், நடக்கும்போதே கேட்டான். குடிதண்ணீர் தூரம் என்றார்கள். பானைகளைக் கரையடிக்குக் கொண்டுவரக் கட்டளையிட்டான். களிமண்ணை அடியில் போடுவதா மேலே போடுவதா என்று இரண்டு கூட்டம் மல்லுக்கு நின்றபோது, இரு தரப்பையும் கேட்டு, அடியில்தான் என்று முடிவு செய்து, அதற்குக் காரணத்தையும் சொன்னான். தோற்ற கூட்டமும் முணுமுணுத்துக்கொண்டே அடியில் போட்டது.

நான்காம் நாள் வேம்பன் என்ற முரட்டு ஆள் கூடையைக் கவிழ்த்துவிட்டு, தான் இன்று உட்காரப்போவதாகச் சொன்னான். மந்திரியின் ஆள் ஒருவன் மரத்தடியில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றான்.

"தாராளமாக உட்காருங்கள்" என்றான் நம்பி. "எழுந்திருக்கத் தோன்றும்வரை எழுந்திருக்கக் கூடாது. இது கட்டளை."

வேம்பன் உட்கார்ந்தான். யாரும் அவனை ஏசவில்லை. மதியம் எல்லாரும் கூழ் குடித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தபோது அவனுக்கும் ஒரு கலயம் வந்தது. அதைக் குடித்து முடித்ததும் அவனாகவே எழுந்து கூடையை எடுத்தான். மாலையில் நம்பியிடம் வந்து, மந்திரி வீட்டுக் காவல் வேலைக்கு ஆசைப்பட்டு அப்படிச் செய்ததாக ஒப்புக்கொண்டான். நம்பி கோபிக்கவில்லை, கரை மண்ணைத் திமிசுக் கட்டையால் இடித்து இறுக்கும் இடத்தில் அவனுடைய தோள் நாளை தேவை என்றான்.

பத்தாம் நாள் கடைசிக் கூடை மண் விழுந்தபோது மேற்கே வானம் கறுத்திருந்தது. அரசனும் மந்திரியும் வந்தார்கள். மந்திரி கரையைப் பார்க்கவேயில்லை.

"அரசே, இவர்கள் விரும்பியதையே திருப்பிச் சொல்பவர் எப்படித் தலைவராவார்? பிடிக்காத ஒன்றைச் சொல்லிப் பார்க்கட்டும். இந்தக் கரையை உடைக்கச் சொல்லட்டும்."

அரசனுக்கு அந்த நேரத்தில் ஏரியைவிட வேடிக்கை பெரிதாகப் பட்டது. சொல் என்றான்.

நம்பி அந்த முகங்களைப் பார்த்தான். அவர்கள் கீழ்ப்படிந்தால் பத்து நாள் வியர்வை தண்ணீரோடு போகும். மறுத்தால் அவன் நாட்டை விட்டுப் போக வேண்டும். பிறகு உரத்த குரலில் சொன்னான்.

"இது என் கட்டளை. இந்தக் கரை வேண்டாம் என்று நினைப்பவர்கள் மட்டும் மண்வெட்டியை எடுத்து உடையுங்கள்."

ஒருவரும் அசையவில்லை. கையில் மண்வெட்டி வைத்திருந்த வேம்பன் அதைக் கீழே போட்டான்.

"அரசே, என் கட்டளையை இருநூறு பேரும் அப்படியே நிறைவேற்றிக்கொண்டிருக்கிறார்கள்" என்ற நம்பி, அந்த மண்வெட்டியை எடுத்து மந்திரியிடம் பணிவாக நீட்டினான். "தங்கள் விருப்பம் மட்டும்தான் தெரியவில்லை."

மந்திரியின் கைகள் முதுகுக்குப் பின்னால் போய்விட்டன. அரசன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். தன் முத்துமாலையைக் கழற்றி நம்பியின் கழுத்தில் போட்டு, நாட்டிலுள்ள எல்லா ஏரிகளையும் இனி நீயே கவனி என்றான். நம்பியின் முகம் வெளுத்தது.

"மற்ற ஏரிகளைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது, அரசே."

"அதை நீ வாய்விட்டுச் சொல்கிறாயே, அதனால்தான் தருகிறேன்" என்றான் அரசன்.

அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்க இடமிருந்தும் இருநூறு பேரும் கரைமேலேயே நின்று, ஏரியில் தண்ணீர் ஏறுவதைப் பார்த்தபடி நனைந்தார்கள்.