புதிய பொதியும் பலாமரத்துக் கரடியும்

கூகைமலை உச்சியில் ஒரு மடம் இருந்தது. அங்கே ஜபம் குறைவு, கம்ப்யூட்டர் அதிகம். அடிவாரத்து ஊர்களில் தண்ணீர் மோட்டாரை ஓட்டுகிற மென்பொருளை அங்கேதான் எழுதினார்கள். எழுதியதைப் பொதியாகக் கட்டிக் கீழே அனுப்புவார்கள். ஊர்க் கம்ப்யூட்டர் பொதியை அவிழ்க்கும். குழாயில் தண்ணீர் வரும்.

மடத்தின் குரு உலகம்மை. எல்லோருக்கும் 'அம்மா'. சீடர் கோமதிநாயகம் அவரைவிட மூத்தவர். பென்ஷன் வாங்கிய கையோடு ஞானமும் வாங்கிவிடலாம் என்று மலையேறியவர்.

பொதி கட்டுவதற்கு அவர் ஒரு புதிய முறை வகுத்தார். நல்ல முறை. அதில் யாரும் குறை சொல்லவில்லை.

"அம்மா, வருகிற வெள்ளிக்கிழமையிலிருந்து எல்லாம் புதிய பொதி. பழையது செல்லாது."

"பழையதை மட்டும் அவிழ்க்கத் தெரிந்த ஊர்கள்?"

"மாறிக்கொள்ளட்டும். நம் வலைத்தளத்தில் போட்டாயிற்று."

"மாறாவிட்டால் தண்ணீர் வராதே, நாயகம்?"

"தாகம் எடுத்தால் தானாக மாறுவார்கள் அம்மா."

உலகம்மை வெளியே நின்ற பலாமரத்தைப் பார்த்தார்.

"அருமை. நானும் இன்றைக்கே புது முறைக்கு மாறிவிடுகிறேன். ஒரு பலாப்பழம் பறித்து வாருங்கள், கொண்டாடுவோம்."

நாயகம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மரத்தில் ஏறினார். ஒரு பழத்தை வெட்டிக் கீழே போட்டார். சத்தம் கேட்டுக் கரடி வந்தது. நான் கரடி விடுகிறேன் என்று நினைக்க வேண்டாம். அது தானாகவே வந்தது.

பழத்தைப் பிளந்து தின்றது. கையை நக்கியது. அண்ணாந்து பார்த்தது. பிறகு, அடுத்த பந்தி மேலே என்று யாரோ சொன்னதுபோல மரத்தில் ஏற ஆரம்பித்தது.

"அம்மா!"

கூப்பிடு தூரத்தில், பாறைமேல் உட்கார்ந்திருந்த உலகம்மை திரும்பவில்லை.

"ஐயோ, அம்மா! கரடி!"

உலகம்மை பக்கத்தில் மேய்ந்த பசுவிடம் சொன்னார்: "ஏதோ சத்தம் வருகிறது. என்ன வடிவம் என்று தெரியவில்லை."

"நான்தான் அம்மா, நாயகம்!"

"'அம்மா' என்கிற வடிவம் மத்தியானத்தோடு நிறுத்தப்பட்டது."

"சரி, புதுப் பேர் என்னவென்றாவது சொல்லுங்கள்!"

"புது முறையில் கேட்டால் சொல்லலாம்" என்றார் பசுவிடம்.

கரடி வேட்டி நுனியைப் பிடித்தது. இழுத்தது. வேட்டி அதனிடம் போயிற்று.

"பழையதும் செல்லும்!" என்று அலறினார் நாயகம். "வெள்ளிக்கிழமையும் செல்லும், சனிக்கிழமையும் செல்லும்! எல்லா ஊருக்கும் செல்லும் அம்மா!"

அவ்வளவுதான். உலகம்மை சட்டென்று திரும்பி, ஒரு தகர டின்னை எடுத்துத் தடதடவென்று அடித்தார். கரடி இறங்கியது. வேட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, பொன்னாடை வாங்கிய பிரமுகர்போலக் காட்டுக்குள் நடந்து போனது.

நாயகம் பலா இலைகளால் முடிந்தவரை மானத்தைக் காத்துக்கொண்டார்.

"பேரை மாற்றியதை ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா அம்மா?"

"எழுதி ஒட்டினேனே."

"எங்கே?"

"தொழுவத்துப் பின்சுவரில்."

"அங்கே போய் யார் பார்ப்பார்கள்?"

"உங்கள் வலைத்தளத்தைப் பார்க்கிறவர்கள்தான்."

நாயகம் மரத்திலேயே நகர்ந்து உட்கார்ந்தார். கிளை ஆடியது.

"அப்படியென்றால் புதிய முறை வேண்டாமா?"

"ஏன் வேண்டாம்? வெள்ளிக்கிழமையே ஆரம்பியுங்கள்."

"பழையது?"

"அதையும் அனுப்புங்கள்."

"இரண்டையும் எத்தனை நாளைக்கு அம்மா கட்டிக்கொண்டு அழுவது?"

உலகம்மை டின்னைக் கீழே வைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தார்.

"கடைசி ஆள் மரத்தைவிட்டு இறங்குகிற வரைக்கும்."