பாலத்தின் நடுவே ஒரு பல்லக்கு

"கொஞ்சம் வழி விடுங்க" என்ற பேச்சுக்கு என்ன விலை? கடைவீதியில் வளர்ந்த யாரையும் கேட்டுப் பாருங்கள், அது சரக்கே இல்லை, கொசுறு என்பார்கள். ஆனால் முன்னொரு காலத்தில், பெயர் சொன்னால் சண்டைக்கு வரக்கூடிய ஒரு நாட்டில், அதற்கு இருபது கசையடி என்று விலை குறித்தார்கள்.

குறித்தவர் மன்னர். குறிக்க வைத்தவர் அமைச்சர் கச்சிராயர்.

அரண்மனைக்கும் சந்தைக்கும் நடுவே ஒரு கால்வாய் ஓடியது. அதன்மேல் ஒரு வண்டி மட்டும் போகக்கூடிய அகலத்தில் கல்பாலம். கச்சிராயருக்கு அங்கே வீசும் காற்று பிடித்துப் போய்விட்டது. தினமும் காலையில் பல்லக்கைப் பாலத்தின் நடுவில் இறக்கச் சொல்லி, காலை நீட்டிச் சாய்ந்துகொள்வார். இரண்டு கரையிலும் சனம் நிற்கும். பூக்கூடை வாடும். கல்யாணத்துக்குப் போகிறவன் முகூர்த்தம் தவறிப் பந்திக்குப் போய்ச் சேருவான். யாரும் வாய் திறப்பதில்லை. "தாழ்ந்தவர் உயர்ந்தவரிடம் வழி கேட்கலாகாது" என்று மன்னர் ஏதோ ஒரு குஷியில் போட்ட சட்டம் அப்படி.

தயிர்க்காரி ஆவுடைதான் வாய் திறந்தாள்.

"சாமி, கொஞ்சம் வழி விடுங்க. தயிரு புளிக்குது. காலை நீட்டிக் காத்து வாங்க இது என்ன உங்க வீட்டு முற்றமா?"

மறுநாள் சபையில் கைகட்டி நின்றாள். இருபது கசையடி என்று தீர்ப்பானது. அப்போது மன்னருக்குப் பக்கத்தில் நின்ற சாத்தையனுக்கு நாக்கு சும்மா இருக்கவில்லை. அவன் சபையின் விகடகவி, உப்பு வியாபாரி வீட்டுப் பிள்ளை.

"மன்னா, வழி கேட்டதற்கு இருபது என்றால், வழியை அடைத்ததற்கு எத்தனை?"

கச்சிராயர் மெல்லச் சிரித்தார். மன்னரின் காதருகே நிற்கும் அந்த இடத்தின்மேல் அவருக்கு வெகுநாளாகக் கண்.

"பிரபு, சாத்தையனுக்கு இத்தனை அக்கறை இருந்தால் ஒரு பந்தயம் வைப்போம். நாளை நான் பாலத்தின் நடுவில் அமர்ந்திருப்பேன். உச்சிக்கால மணி அடிப்பதற்குள் என்னை விலகச் செய்யட்டும். வழி கேட்கக் கூடாது. என்னையோ பல்லக்கையோ தொடக் கூடாது. தங்கள் ஓலை, குடை, செங்கோல், பாதுகை எதையும் கொண்டுவந்து காட்டக் கூடாது. தோற்றால் அவளுக்கு இருபது, இவனுக்கு இருபது."

மன்னர் தொடையைத் தட்டினார். "பேஷ்! நாமே வந்து பார்க்கிறோம்."

மறுநாள் சந்தைக் கரையில் மன்னருக்குப் பந்தல் போட்டார்கள். அவர் பாலத்தைக் கடந்து வந்து அமர்ந்ததும் கச்சிராயரின் பல்லக்கு நடுவில் இறங்கியது. பந்தல்காலில் ஆவுடையைக் கட்டியிருந்தார்கள். கசைக்காரன் வாரை எண்ணெயில் நனைத்துக்கொண்டிருந்தான்.

சாத்தையன் பாடிப் பார்த்தான். கச்சிராயர் தாளம் போட்டார். "பாம்பு!" என்று கத்தினான். "பிடித்துக் கூடையில் போடு" என்றார். குட்டிக்கரணம் அடித்தான். சனம் சிரித்தது, பல்லக்கு நகரவில்லை.

"அடே விகடா, முதுகுக்கு விளக்கெண்ணெய் வாங்கி வைத்தாயா?" என்றார் கச்சிராயர்.

சாத்தையனுக்கு ஆவுடையின் பக்கம் திரும்பவே கூசியது.

"என்னால உனக்கு ஏம்ப்பா இந்த வம்பு?" என்றாள் அவள்.

"சும்மா இரு அக்கா. யோசிக்கிறேன்" என்றான். யோசனை ஒன்றும் வரவில்லை என்பதைச் சொல்லவில்லை.

வெயில் ஏறியது. மன்னர் கொட்டாவி விட்டார். "வெற்றிலை!" என்றார். அடைப்பக்காரன் மடித்துக் கொடுத்தான். மன்னர் மென்றார், பக்கத்தில் நின்றவன் ஏந்திய படிக்கத்தில் துப்பினார். மன்னரின் எச்சில் மண்ணில் விழக் கூடாது, படிக்கத்தை அரண்மனைக் குழியில்தான் கொட்ட வேண்டும் என்பது அந்த நாட்டு வழக்கம்.

சாத்தையன் படிக்கத்தை எட்டிப் பார்த்தான். அது முக்கால் நிறைந்திருந்தது. பாலத்தைப் பார்த்தான். சட்டென்று அடைப்பக்காரன் கையிலிருந்த வெற்றிலைப் பெட்டியை வாங்கிக்கொண்டான்.

"பிரபு, தோற்கப் போகிறவன் கையால் ஒரு தாம்பூலம்."

கொழுந்து வெற்றிலை நாலு, பாக்கு தாராளம், சுண்ணாம்பு அளவோடு. மன்னர் ரசித்து மென்றார். "இன்னொன்று." அதற்குமேல் இன்னொன்று. படிக்கம் விளிம்பு வரை வந்தது. கடைசித் தாம்பூலத்தில் கிராம்பும் ஏலமும் வைத்து, உள்ளங்கை அகலத்துக்கு மடித்துக் கொடுத்தான். மன்னர் வாய் நிறைந்தது. துப்பத் திரும்பினார். படிக்கம் தளும்பிக்கொண்டிருந்தது.

மன்னர் விழித்தார். கீழே துப்ப வழக்கமில்லை. விழுங்க முடியவில்லை. கன்னம் இரண்டும் பந்துபோல் உப்பின.

சாத்தையன் படிக்கத்தை இரு கையாலும் ஏந்திப் பாலத்தில் நடந்தான். பல்லக்கின் முன்னால் வந்து நின்றான். ஒரு வார்த்தை பேசவில்லை.

"என்னடா அது?"

"படிக்கம், ஐயா."

"எடுத்துப் போ!"

"போகத்தான் வந்தேன். நிற்கிறேன்."

கச்சிராயர் மூக்கைப் பொத்திக்கொண்டார். "எச்சிலுக்கு நான் எழுந்து விலகுவதா?"

கரையில் மன்னர் எழுந்துவிட்டார். கையை வீசினார். "ம்ம்ம்! ம்ம்ம்!"

"பார், மன்னரே என்னை மெச்சுகிறார்!" கச்சிராயர் அமர்ந்தபடியே கும்பிடு போட்டார்.

மன்னருக்குக் கண்ணில் நீர் முட்டியது. வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பாலத்தில் ஓடி வந்தார். ஓடிவருபவரின் முகம் கிட்டத்தில் தெரிந்த பிறகுதான் கச்சிராயருக்கு விஷயம் உறைத்தது. "தூக்குங்கடா! பின்னால்! பின்னால்!" மன்னருக்கு முதுகு காட்டலாகாது என்பதால் பல்லக்குத் தூக்கிகள் பின்பக்கமாகவே தட்டுத்தடுமாறி அரண்மனைக் கரை வரை போனார்கள். சாத்தையன் முன்னால், மன்னர் பின்னால். இருவரும் அரண்மனைக் குழியை அடைந்தபோது உச்சிக்கால மணி அடித்தது.

மன்னர் வாய் கொப்பளித்தார். கண்கள் சிவந்திருந்தன. சாத்தையன் கழுத்தைத் தடவிக்கொண்டான்.

"திட்டமிட்டா செய்தாய்?"

"ஆமாம் பிரபு."

"வாயைத் திறந்து கேட்க முடியாமல் நிற்பது எவ்வளவு கொடுமை, தெரியுமா உனக்கு?"

"எனக்குக் கொஞ்சம் தெரியும். ஆவுடைக்கு நன்றாகத் தெரியும். எச்சிலும் தங்களுடையது, குடிகளும் தங்களுடையவர்கள். எதற்கு வழி விடுவது என்பதில்தான் அமைச்சருக்குக் குழப்பம்."

மன்னரின் மீசை துடித்தது. பிறகு வயிறு குலுங்கியது. சிரித்த சிரிப்பில் மண்டபத்துப் புறாக்கள் பறந்தன. சட்டத்தைக் கிழிக்கச் சொன்னார். ஆவுடையை அவிழ்த்து அழைத்துவரச் சொன்னார். தம் கழுத்து முத்துமாலையைச் சாத்தையனுக்குப் போட்டார். "வேறு என்ன வேண்டும்?"

"கணக்கை முடித்துவிடலாம், மன்னா." சாத்தையன் விரல் மடித்தான். "கசையடி தள்ளுபடி. எனக்கு முத்துமாலை வரவு. புளித்த தயிருக்கு அமைச்சர் இப்போதே காசு எண்ணி வைக்கிறார்."

பல்லக்கோடு பின்னாலேயே வந்திருந்த கச்சிராயர் எண்ணி வைத்தார்.

"இனி ஒன்றுதான். 'தெரியாமல் செய்துவிட்டேன் அம்மா' என்று இவளிடம் ஒரு வார்த்தை."

எல்லாரும் கச்சிராயரைப் பார்த்தார்கள். ஆவுடை காசை முந்தானையில் முடிந்துகொண்டு நின்றாள். அவர் தொண்டையைச் செருமினார். இன்னொரு தடவை செருமினார். பிறகு பல்லக்கில் ஏறித் திரையை இழுத்துக்கொண்டார்.

மற்றதெல்லாம் நேராயிற்று. அந்த ஒரு வார்த்தை மட்டும் பாக்கி.