சிலிப்பர்க் கட்டையின் மறுமுனை

சங்கிலிமுத்து அறுபதைத் தாண்டியவர். அவருடைய குரு சடையம்மாவுக்கு அவரைவிடப் பத்து வயது குறைவு. பேரப்பிள்ளை எடுத்த பிறகு தங்கச்சி வயசுக்காரியிடம் உபதேசமா என்று அவர்கள் இருந்த மலேசிய ரப்பர்த் தோட்டத்தில் கேலி பேசினார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒன்றைப் பிடித்தால் விடாத மனிதர். பகையையும் அப்படித்தான் பிடித்திருந்தார்.

அவர் தாய் வயிற்றில் இருந்தபோதே, யுத்த காலத்தில், சயாம் என்ற தாய்லாந்துக்கு ரயில் பாதை போட அப்பாவை ஜப்பான்காரன் கொண்டுபோனான். ஆள் திரும்பவில்லை. பிடித்துக் கொடுத்தவர் தோட்டத்துக் கங்காணி. அடுத்த வண்டியில் அந்தக் கங்காணியையும் ஏற்றினார்கள். அவரும் திரும்பவில்லை.

அந்தப் பாதையில் மாண்டவர்களுக்காகப் பட்டணத்துத் திடலில் ஒரு கலைஞர் பெரிய நினைவுக் காட்சி ஒன்றை அமைத்திருந்தார். தண்டவாளம் கிடையாது. அதைத் தாங்கும் சிலிப்பர்க் கட்டைகள் மட்டும், திடலின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை. மாண்டவர்களின் பிள்ளைகளே கட்டையைச் சுமந்து வந்து வைக்க வேண்டும். ஒரு கட்டைக்கு இரண்டு பேர். இருவருமே ஆளைப் பறிகொடுத்த குடும்பமாக இருக்க வேண்டும். அதுதான் ஏற்பாடு.

குருவும் சீடரும் போய்ச் சேர்ந்தது கடைசி நாள் சாயங்காலம். ஒரே ஒரு கட்டைதான் மீதி. அதன் பக்கத்தில் கங்காணியின் மகன் பெரியதம்பி நின்றார். காலையிலிருந்து நிற்கிறாராம். அவரோடு சேர்ந்து தூக்க ஒருவரும் வரவில்லை.

சங்கிலிமுத்து அவர் பக்கம் திரும்பாமல், மறுமுனையைப் பிடிக்கும்படி குருவிடம் கேட்டார்.

"எங்க வீட்டுல யாரும் சயாமுக்குப் போகல, அண்ணே" என்றார் சடையம்மா.

"அப்ப நான் ஒருத்தனே கொண்டு போறேன்."

வேட்டியை மடித்துக் கட்டினார். ஒரு முனையை இடுப்பளவு தூக்கி, மறுமுனை தரையில் தேயத் தேய இழுத்தார். புல் வேரோடு பெயர்ந்தது. உள்ளங்கை உரிந்தது. ஆனாலும் விடவில்லை. சடையம்மா பின்னால் நடந்தார். பெரியதம்பியும் தள்ளியே வந்தார்.

பாதித் திடலில் சடையம்மா கேட்டார்.

"உங்க அப்பாவுக்கு அன்னிக்குப் பாடை கட்ட ஆள் இல்ல. இதுதான் பாடைன்னு பஸ்ஸுல சொன்னீங்களே?"

"ஆமாம்மா."

"பாடையை இழுத்துட்டா போவாங்க?"

சங்கிலிமுத்து நின்றார். கட்டை கீழே இறங்கியது.

"இவன் அப்பன் செஞ்சத நான் மறக்கணுமா? மன்னிச்சேன்னு சொல்லணுமா? உயிர் போனாலும் சொல்ல மாட்டேன்மா."

சடையம்மா பெரியதம்பியைக் கைகாட்டி அழைத்தார். அவர் வந்து, தலை நிமிராமல் மறுமுனையில் குனிந்தார்.

"சொல்ல வேணாம், அண்ணே. கோபம் உங்ககிட்டயே இருக்கட்டும். காலடி மட்டும் ரெண்டு பேருக்கும் ஒண்ணா விழணும். இல்லேன்னா கட்டை நழுவிரும்."