கயிறு பிடித்தவன்

"சாமி, அது இன்னும் போக மாட்டேங்கு" என்றான் கடம்பன்.

சுமனர் எது என்று கேட்கவில்லை. பதினோரு மாதமாக இதே புகார்தான்.

"போகணும்னு யார் சொன்னது?" என்று மட்டும் கேட்டார்.

கடம்பனுக்கு எரிச்சல் வந்தது. அது போகாது என்றால் மனிதன் விகாரைக்கு எதற்கு வருகிறான்?

முத்துக் குளிக்கிற ஊர் ஒன்றின் வெளியே, பனங்காட்டுக்குள் இருந்தது அந்த விகாரை. கடம்பனுக்கு ஐம்பது வயது. குருவான சுமனருக்கு அவனைவிடப் பத்து வயது குறைவு. அதைப் பற்றி அவன் கவலைப்படவில்லை. அவனுக்குத் தலை மழித்தவரெல்லாம் சாமிதான்.

வந்த அன்றே சுமனர் அவனை உட்காரச் சொன்னார். மூச்சு வருவதையும் போவதையும் பார்க்கச் சொன்னார். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

இதில் புதியவர்கள் அடிக்கிற கூத்துக்கு அளவே கிடையாது. ஒருவர் மூன்றாம் நாளே வந்து, ஒளி எப்போது தெரியும் என்று விசாரித்தார். இன்னொருவர் கால் மரத்துப்போவதுதான் தவம் என்று எண்ணி, எழுந்தபோது விழுந்து பல்லை உடைத்துக்கொண்டார். பக்கத்தில் இருப்பவர் தூங்குகிறாரா என்று ஓரக்கண்ணால் பார்த்தே ஒரு மாதத்தைக் கழித்தவரும் உண்டு.

கடம்பன் மூச்சை அடக்கினான்.

வாலிபத்தில் அவனும் கடலில் மூழ்கி முத்து எடுத்தவன். மூச்சைப் பிடித்துக்கொண்டு அவன் அசையாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து மற்றவர்கள் வாய்பிளந்தார்கள். சுமனர் மட்டும் மெச்சவில்லை.

"மூச்சைப் பாக்கச் சொன்னேன். பிடிச்சு வைக்கச் சொல்லலை."

மூச்சைப் பிடித்திருக்கும்வரை எந்த நினைப்பும் வருவதில்லை என்று கடம்பன் விளக்கினான். மூச்சை விட்டவுடன் அது வந்துவிடுகிறது என்றான்.

அது வந்துவிட்டால் அவன் தன்னைச் சும்மா விடமாட்டான். தொடையைக் கிள்ளுவான். இந்தப் புகாரைச் சொன்ன வாரம் அவன் வேட்டியில் ரத்தக் கறை இருப்பதைச் சுமனர் பார்த்துவிட்டார். அவனைத் தனியாகக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"மனசு போகத்தான் செய்யும். போனது தெரிஞ்சா திரும்பி வாங்க. அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா?" என்றான் கடம்பன். "அது திரும்பி வாரதுக்குள்ள ஒருத்தன் செத்துப்போனான், சாமி."

கடம்பன் முதல் தடவையாகச் சொன்னான்.

அந்த ஊரில் ஒரு வழக்கம். கடலில் குதிக்கிறவனின் இடுப்பில் கயிறு கட்டியிருக்கும். படகில் உட்கார்ந்து அந்தக் கயிற்றைப் பிடிப்பது அவன் பெண்டாட்டியின் அண்ணனாகவோ தம்பியாகவோதான் இருக்க வேண்டும். வேறு எவன் கண் அசந்தாலும், கூடப்பிறந்தவள் தாலியைக் கையில் பிடித்திருப்பவன் அசரமாட்டான் என்று ஊருக்கு நம்பிக்கை.

கடம்பன் ஒன்பது வருடம் தங்கை நாச்சியின் புருஷன் சேந்தனுக்குக் கயிறு பிடித்தான். கீழேயிருந்து கயிறு ஆடினால் இழுக்க வேண்டும். அவனுக்கு வேலை அது ஒன்றுதான்.

ஒரு நாள் கயிறு ஆடியதை அவன் கவனிக்கவில்லை. சிரித்துக்கொண்டிருந்தான். நினைவு வந்து இழுத்தபோது கயிறு கனத்தது.

சேந்தன் உடலைக் கரை சேர்த்தவன் வீட்டுக்குப் போகவில்லை. ஈர வேட்டியோடு நேரே விகாரைக்கு வந்தான்.

குரு ஏதாவது ஆறுதல் சொல்வார் என்று கடம்பன் காத்திருந்தான்.

சுமனர் கேட்டது வேறு. "அதுக்கப்புறம் தங்கச்சியைப் பாத்தீங்களா?"

"எந்த மூஞ்சிய வச்சிட்டுப் பாக்க?"

"வீடு எங்க இருக்கு?"

வடக்குத் தெருவில் கடைசிக்கு முந்தின வீடு என்று சொல்லிவிட்டு, ஏன் சொன்னோம் என்று கடம்பன் வருந்தினான்.

மறுநாள் காலை சுமனர் பிச்சைக்குப் புறப்பட்டார். தினமும் ஒரு சீடர் கூடப் போவது அங்கே முறை. கடம்பன் தன் முறை வரும்போதெல்லாம் தண்ணீர் எடுக்கப் போகிறேன் என்று நழுவிவிடுவான். அன்று சுமனர் பாத்திரத்தை அவனிடமே நீட்டினார். அவன் வாங்கிக்கொண்டான்.

வடக்குத் தெருவில் திரும்பியதும் அவன் பின்தங்கினான். வேண்டாம் சாமி என்று கெஞ்சினான். சுமனர் திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

கடைசிக்கு முந்தின வீட்டின் முன்னால் நின்றார்கள். நாச்சி சோற்றோடு வெளியே வந்தாள். பாதியாக இளைத்திருந்தாள். குனிந்து பாத்திரத்தில் சோற்றை இட்டாள். நிமிர்ந்தபோதுதான் பாத்திரத்தைப் பிடித்திருப்பது யார் என்று பார்த்தாள்.

சுமனர் அவன் கையிலிருந்து பாத்திரத்தை வாங்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

காறித் துப்புவாள் என்று கடம்பன் நினைத்தான். மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்தான். அப்படிச் செய்தால்கூடத் தேவலை என்று அவனுக்கு இருந்தது.

"அண்ணே" என்றாள் நாச்சி. "கடைசியா அவிய என்ன சொன்னாவ?"

சேந்தனைத்தான் கேட்கிறாள் என்று அவனுக்கு உடனே புரியவில்லை.

படகில் இருந்த ஒருவரும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள் என்றாள். கேட்டால் எல்லோரும் தலையைக் குனிந்துகொள்கிறார்களாம், உன் அண்ணனைக் கேள் என்கிறார்களாம். கதவு சத்தம் கேட்கும்போதெல்லாம் நீதான் சொல்ல வந்திருக்கிறாய் என்று ஓடி வந்து பார்த்தேன் என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் அவனைக் கொன்றது.

எந்த நாளைப் பதினோரு மாதமாக அடித்து விரட்டிக்கொண்டிருந்தானோ, அந்த நாளைத்தான் இவள் வாசலில் நின்று கேட்கிறாள்.

கடம்பன் அப்படியே தரையில் உட்கார்ந்தான். கண்ணை மூடினான். அது வந்தது. இந்தத் தடவை அவன் மூச்சைப் பிடிக்கவில்லை.

காலை வெயில். படகு விளிம்பில் சேந்தன். அவனைக் கீழே இழுத்துப்போகும் கல்லில் ஒரு காலை வைத்துக்கொண்டு இவன் பக்கம் திரும்புகிறான்.

"'மச்சான், ஒந் தங்கச்சி வைக்கிற கொழம்புக்கு இந்தக் கடலு எவ்வளவோ தேவல'ன்னான்" என்றான் கடம்பன். "சொல்லிட்டு இறங்கிட்டான். படகே சிரிச்சுது. நானும் சிரிச்சேன். நிறுத்த முடியல நாச்சி. அதுலதான் கயிறு ஆடுனதை விட்டுட்டேன்."

நாச்சி வந்து அவன் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தாள்.

"இன்னொரு தடவ சொல்லு அண்ணே" என்றாள். "மெதுவா சொல்லு."